நெருப்பு வளையமும் விழித்திரையும்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் நம்ம ஊர்க் கதை

2019 டிசம்பர் 26 காலை ஞாபகம் இருக்கா மக்களே? திண்டுக்கல்காரங்களுக்கு மறந்திருக்காது. ஒன்பதரை மணி வாக்கில் வெளிச்சம் மங்கி, சூரியன் ஒரு நெருப்பு வளையமாக நின்றது. அந்த வளையக் கிரகணத்தின் பாதை கோவை வழியாக வந்து நம்ம ஊர் மேலேயே போனது. மொட்டை மாடியெல்லாம் கூட்டம். சிலர் கையில் கிரகணக் கண்ணாடி, பலர் கையில் பழைய எக்ஸ்ரே பிலிம், சிலர் கையில் ஒண்ணுமே இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு ஓ.பி.க்கு ஒரு காலேஜ் பையன் வந்தான். "சார், எதைப் பார்த்தாலும் நடுவுல ஒரு புள்ளி மறைக்குது. ஆனா வலி இல்ல சார்." எக்ஸ்ரே பிலிம் வழியாகப் பார்த்திருக்கிறான். கண் பிரிவுக்கு அனுப்பினேன். விழித்திரையின் நடுவில் சின்னதாக ஒரு சூடு பட்டிருந்தது.

"வலி இல்ல சார்" என்ற இந்த மூணு வார்த்தையைச் சுத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் கண் ஸ்பெஷலிஸ்ட் இல்லை. அரசு மருத்துவமனையில் சர்க்கரை, பிரஷர், காய்ச்சல் பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். ஏன் கண்ணைப் பற்றி எழுதறேன்னு பின்னாடி தெரியும்.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் உள்பக்கமாக ஒட்டியிருக்கும் நரம்புப் படலம். தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தை மின்சாரச் சைகையாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இதுதான். இதன் நடுப்பகுதிக்கு மாகுலா என்று பெயர். பஸ் போர்டு படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, எதிரே வருவது யார் என்று முகம் பார்த்துச் சொல்வது எல்லாம் மாகுலாவின் வேலை. இவ்வளவு முக்கியமான இடத்தில் வலியை உணரும் நரம்பு மட்டும் கிடையாது. தீப்பிடித்தாலும் கத்தத் தெரியாத வீடு மாதிரி.

1851-ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆப்தால்மாஸ்கோப் என்ற கருவியை வெளியிடும் வரை, உயிரோடு இருக்கிற மனிதரின் விழித்திரையை ஒழுங்காகப் பார்க்கவே வழியில்லை. அதன் பிறகு பார்த்தார்கள், படம் வரைந்தார்கள், நோய்களுக்குப் பெயர் வைத்தார்கள். குணப்படுத்த மட்டும் முடியவில்லை. விழித்திரை சுவரிலிருந்து பிரிந்து தொங்கினால் நோயாளியை மாதக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பார்கள். அவ்வளவுதான் வைத்தியம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல்ஸ் கோனின் என்ற டாக்டர்தான், விழித்திரையில் விழும் சின்னக் கிழிசல் வழியாக நீர் உள்ளே போவதால்தான் அது பிரிகிறது, அந்த ஓட்டையைச் சூடு வைத்து அடைத்தால் திரும்ப ஒட்டும் என்று 1920-களில் செய்து காட்டினார்.

இப்போ திரும்பவும் கிரகணத்துக்கு வருவோம்.

1945 ஜூலை 9. ஐரோப்பாவில் போர் முடிந்து ரெண்டு மாசம். குண்டு விழுந்து சிதைந்து கிடக்கும் ஹாம்பர்க் நகரம். அன்று சூரிய கிரகணம். ஒரு மருத்துவ மாணவர் வெறும் கண்ணால் பார்த்து மாகுலாவைச் சுட்டுக்கொண்டார். நம்ம காலேஜ் பையன் கதையேதான். அந்தத் தழும்பைப் பரிசோதித்த இளம் டாக்டர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத். மற்றவர்களாக இருந்தால் "இனிமே இப்படிப் பார்க்காதே" என்று திட்டி அனுப்பியிருப்பார்கள் (நான் அதைத்தான் செய்தேன்). அவர் வேறு மாதிரி யோசித்தார். சூரியன் கண்ணை வெட்டாமல், தைக்காமல், உள்ளே போய் மிகச் சின்ன இடத்தில் மட்டும் சூடு வைத்திருக்கிறதே, அதே சூட்டை நமக்கு வேண்டிய இடத்தில் வைத்தால் என்ன?

ஆஸ்பத்திரி மாடியில் கண்ணாடிகளை அமைத்து, சூரிய ஒளியைத் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள் விட்டார். ஆனால் ஹாம்பர்க் வானம் நம்ம திண்டுக்கல் சித்திரை வானம் இல்லையே, பாதி நாள் மேகம்! சூரியனை நம்பி அப்பாயின்ட்மென்ட் கொடுக்க முடியவில்லை. கார்பன் ஆர்க் விளக்குக்கு மாறினார். 1950-களில் ஜைஸ் கம்பெனியோடு சேர்ந்து செனான் விளக்குக் கருவி செய்தார். 1960-ல் மெய்மன் முதல் லேசரை உருவாக்கியதும் அது கண்ணுக்கும் வந்தது. 60-களின் கடைசியில் ஆர்கான் லேசர் வந்தது. இன்று கண் ஆஸ்பத்திரியில் "லேசர் வைக்கணும்" என்று சொல்கிறார்களே, அதன் கொள்ளுத் தாத்தா ஒரு கிரகணம்.

சரி, சர்க்கரை நோயாளிக்கு எதுக்கு லேசர்? அங்கே கிழிசல் ஒண்ணும் இல்லையே?

சர்க்கரை பல வருஷம் கூடுதலாகவே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியும், பிறகு அடைபடும். ரத்தம் வராத பகுதி பட்டினி கிடக்கும். அந்தப் பட்டினிப் பகுதி ஏதோ ஒரு வேதிப்பொருளை விட்டு "எனக்குப் புதுக் குழாய் போடு" என்று கேட்கிறது என 1948-லேயே ஐசக் மைக்கேல்சன் என்ற டாக்டர் ஊகித்தார். குழாய் முளைக்கும். ஆனால் அது அவசரத்துக்குப் போட்ட பைப் லைன், தொட்டால் உடையும். ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அதுவரை நோயாளிக்குப் பார்வை நன்றாகவே இருந்திருக்கலாம். கண்டக்டர் கொடுத்த சில்லறையைச் சரியாக எண்ணியிருப்பார். அதுதான் இதில் பயங்கரம்.

ஓரத்துப் பட்டினிப் பகுதியில் லேசரால் நூற்றுக்கணக்கான சின்னச் சூடுகளை வைத்தால், அந்தக் கேட்பு குறையும், புதுக் குழாய்கள் வாடும். ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றுவது. இது உண்மையிலேயே பலன் தருமா என்று அமெரிக்காவில் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு லேசர், மறு கண்ணை அப்படியே விட்டார்கள். 1976-ல் முதல் முடிவு வந்தது. லேசர் வைத்த கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. உடனே சோதனைத் திட்டத்தையே மாற்றி, ஆபத்து நிலையில் இருந்த மறு கண்களுக்கும் லேசர் வைக்கச் சொன்னார்கள்.

அதே 1976-ல் மதுரையில் இன்னொரு விஷயம் நடந்தது. அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்ற கண் டாக்டர் கோ. வெங்கடசாமி, ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1918-ல் வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தவர். அதற்கு முன்னால் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனையில், அரசு டாக்டராக இருந்தவர் என்பதை நான் எப்போதும் சேர்த்துச் சொல்வேன். எங்க ஆள்!

அப்போ திண்டுக்கல்லும் மதுரை மாவட்டம்தான். தனி மாவட்டமானது 1985-ல். கண் முகாம் என்ற சொல் இந்தச் சமவெளியில் வீட்டுச் சொல் ஆனது அந்தக் காலத்தில்தான். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், அவர்களைக் கூட்டிப்போக பஸ், கட்டுப் பிரிக்கும் நாளில் பேரன் முகத்தைப் பார்த்து அழுகை. என் அப்பத்தாவும் அப்படித்தான் சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னால் ரெண்டு வருஷம் காத்திருந்தார். "புரை இன்னும் முத்தல, முத்தட்டும்." டாக்டர்களே சொன்ன அறிவுரை அது. அந்தக் கால அறுவை முறைக்கு அது பொருத்தமும்கூட. புரைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனாலும் பெரும்பாலும் பார்வை திரும்பி வரும்.

அந்த நல்ல அனுபவம்தான் இன்னிக்கு நமக்கு எதிரா நிக்குது.

புரை என்பது லென்ஸ் மங்குவது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம், 1992-லிருந்து மதுரை ஆரோலேபிலேயே அந்த லென்ஸைச் செய்கிறார்கள். விழித்திரையை எடுத்துவிட்டு வேறு வைக்க முடியாது. ஆனால் நம்ம மக்கள் மனசில் கண் மறைச்சா புரை, புரைன்னா முகாம், முகாம் வரும்போது பார்த்துக்கலாம்.

இப்போது என் கதை. சில வருஷம் முன்னால் நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில், பூ வியாபாரி ஒருவர் வந்தார். ஐம்பது வயசு தாண்டியவர். அதிகாலையில் மார்க்கெட்டில் தராசு நம்பர் கலங்கலாகத் தெரிய ஆரம்பித்து எட்டு மாசம். "புரைதானே சார், மாசி முடியட்டும், முகூர்த்த சீசன் போகட்டும்னு இருந்தேன். நேத்து காலைல வலது கண்ணுல ஒட்டடை மாதிரி இறங்குச்சு. மதியத்துக்குள்ள கறுப்பாயிடுச்சு. வலியே இல்ல சார்."

அவர் சர்க்கரை நோட்டை வாங்கிப் புரட்டினேன். மூணு வருஷம். சாப்பிடும் முன் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, பிரஷர், மாத்திரை, காலில் புண் இருக்கா இல்லையா, எல்லாம் எழுதியிருந்தது. கண் பரிசோதனை என்று ஒரு வரி இல்லை. பாதிப் பக்கங்களில் என் கையெழுத்து.

அன்னிக்கு அவரிடம் நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவர் என்னைக் குறை சொல்லவில்லை என்பது ஞாபகம் இருக்கு.

ரத்தம் நிரம்பிய கண்ணுக்கு விட்ரெக்டமி என்ற அறுவை செய்தார்கள். அமெரிக்காவில் மியாமியில் ராபர்ட் மெக்கமர் 1970-ல் தொடங்கி வைத்த முறை. கருவியை முதலில் முட்டை வெள்ளைக்கருவில் சோதித்துப் பார்த்தாராம். கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். தமிழ்நாட்டில் விழித்திரை அறுவையை வளர்த்தவர்களில் முக்கியமானவர், 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத். அவருடைய குரு பாஸ்டனின் சார்லஸ் ஷெப்பன்ஸ். அந்த ஷெப்பன்ஸ் இரண்டாம் உலகப் போரில் மரம் அறுக்கும் ஆலை நடத்துவது போல நடித்து, நாஜிகளிடமிருந்து தப்பியவர்களை மலை தாண்டி ஸ்பெயினுக்கு அனுப்பியவர். அது தனி த்ரெட், இன்னொரு நாள்.

பூக்கார அண்ணனுக்கு வலது கண்ணில் நிழல் உருவங்கள் தெரியும் அளவுக்குத்தான் திரும்பியது. இடது கண்ணிலும் புதுக் குழாய்கள் முளைத்திருந்தன. அதற்கு லேசர். மாகுலா வீங்கியிருந்ததால் ஊசியும். கண்ணுக்குள் ஊசி என்றதும் பயப்படாதீங்க. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுவார்கள். மைக்கேல்சன் ஊகித்த அந்த வேதிப்பொருளுக்கு இப்போது வி.இ.ஜி.எஃப். என்று பெயர். அதைத் தடுக்கும் மருந்தை முதலில் குடல் புற்றுநோய்க்குத்தான் 2004-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். 2005-ல் பிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற டாக்டர் அதையே துளியளவு கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார். ஒரு பாட்டில் மருந்தைப் பலருக்குப் பிரித்துப் போடலாம் என்பதால், கண்ணுக்கென்றே வந்த விலை உயர்ந்த ஊசி வாங்க முடியாதவர்களுக்கும் வழி பிறந்தது. ஆனால் ஒரே ஊசியில் முடியாது, திரும்பத் திரும்பப் போகணும்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. சென்னையில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. நம்ம ஊரில் வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கு, 2010-லிருந்து அரவிந்தும் திண்டுக்கல்லில் இருக்கு. விழித்திரைப் படத்தை வைத்தே நோயைக் கண்டுபிடிக்க 2016-ல் கூகுள் ஒரு கணினி முறையை உருவாக்கியபோது, அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில் மதுரையும் சென்னையும் தந்தவை உண்டு. மாத்திரை வீடு தேடியே வருது. கண்ணைக் காட்டத்தான் நாம எழுந்து போகணும்.

சர்க்கரை இருக்கிறவங்க, பார்வை நல்லா இருந்தாலும், வருஷம் ஒரு தடவை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பாருங்க. சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்டாதீங்க, கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க. திடீர்னு மின்னல் வெட்டுற மாதிரி, கொசு பறக்கிற மாதிரி, ஓரத்தில் திரை இறங்குற மாதிரி தெரிஞ்சா அது விழித்திரைக் கிழிசலா இருக்கலாம். அன்னிக்கே போங்க. வயசானவங்களுக்கு ஜன்னல் கம்பி கோணலாத் தெரிஞ்சா மாகுலாவைப் பார்க்கணும். குறைமாசத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைக் குழாய்கள் முழுசா வளர்ந்திருக்காது, 30 நாளுக்குள்ள கண் பரிசோதனை முடிஞ்சிருக்கணும். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி போட்டிருந்தா தவற விட்டுடாதீங்க.

பூக்கார அண்ணன் இப்பவும் மாசாமாசம் மாத்திரை வாங்க வர்றார். தராசு நம்பரை மகன் படிக்கிறான். மல்லிகையின் தரத்தை மட்டும் அவரே மோந்து பார்த்துச் சொல்றார்.

நான் இப்போ ஒவ்வொரு சர்க்கரை நோட்டிலும் முதல் பக்கத்தில் "கண் பார்த்த தேதி" என்று ஒரு கோடு போட்டு வைக்கிறேன். உங்க வீட்டில் அம்மாவோ அப்பாவோ வைத்திருக்கிற நோட்டை எடுத்துப் பாருங்க. அப்படி ஒரு தேதி எங்கேயாவது இருக்கா? கமென்ட்டில் சொல்லுங்க.