4294967297

4294967297 என்பது 641, 6700417 என்ற இரு பகா எண்களைப் பெருக்கினால் கிடைக்கும் பகு எண். நம் வழக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. சுருக்கமாக எழுதினால் 2³² + 1. ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டி 3, 5, 17, 257, 65537 என்று வளரும் ஃபெர்மா எண்களில் இது ஆறாவது; வரிசையைச் சுழியத்திலிருந்து தொடங்குவதால் ஐந்தாம் ஃபெர்மா எண் என்றே பெயர்.

முதல் ஐந்தும் பகா எண்கள். அதனால் வரிசை முழுவதும் பகா எண்களே என்று பிரெஞ்சுக் கணிதர் பியர் டி ஃபெர்மா 1640 வாக்கில் நம்பினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 1729-இல் கணிதர் கோல்ட்பாக் இதைக் கடிதத்தில் கேட்டு, மற்றொரு கணிதரான ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 4294967297-ஐ 641 மீதியின்றி வகுக்கிறது என்று 1732-இல் ஆய்லர் காட்டினார்.

இதற்குப் பெரிய கணக்கு தேவைப்படவில்லை. ‘ப’ என்ற பகா எண் இந்த எண்ணை வகுக்கிறது என்று கொள்வோம். 2-இன் அடுக்குகளை அதனால் வகுத்தால் வரும் மீதிகள் 64 அடுக்குகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். ‘ப’ பகா எண் என்பதால் அம்மீதிகள் ‘ப’ − 1 அடுக்குகளுக்கு ஒருமுறையும் திரும்ப வரும் என்கிறது ‘சிறு தேற்றம்’. அப்படியானால் ‘ப’-வில் ஒன்றைக் கழித்தால் வருவது 64-இன் மடங்காக இருந்தாக வேண்டும். அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே விடை சிக்கிவிடுகிறது. இந்த வழிக்கு அடிப்படையான ‘சிறு தேற்றம்’ ஃபெர்மாவுடையதே. கருவியைக் கையில் வைத்திருந்தவர் ஐந்து வகுத்தல்களில் எங்கோ சறுக்கியிருக்கிறார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

வகுத்துப் பார்க்காமலே 641-ஐச் சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴ என்பதும் சரி. முதல் சமன்பாட்டின்படி, 641-ஆல் வகுக்கையில் 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாம் சமன்பாட்டின்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். ஆக −2³² என்பது 1-க்குச் சமம். 2³² + 1-இல் மீதி இல்லை. தாளின் ஓரத்தில் அடங்கிவிடும் நிரூபணம் இது.

இந்த எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுத முடியும்: 65536² + 1², 62264² + 20449². பகா எண்ணுக்கு இப்படி இரண்டு வழி அமையாது. ஆனால் 2-ஐ அடியாக வைத்துச் செய்யும் சிறு தேற்றச் சோதனையில் இது பகா எண் போலவே நடித்துத் தேறிவிடும். அவ்வகையில் இது ஒரு போலிப் பகா எண்.

முதல் ஐந்து ஃபெர்மா எண்களையும் பெருக்கினால் 4294967295 வரும், அதாவது இதைவிட இரண்டு குறைவு. கணிதர் காஸின் ஆய்வின்படி, அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு கொள்கையளவில் வரையலாம். இரண்டு பக்கம் கூட்டி 4294967297 ஆக்கினால் வரைய முடியாது.

இரும முறையில் இது இரு முனையிலும் 1, நடுவே 31 சுழியங்கள் என்று 33 இலக்கம் கொண்டது. கணினியின் 32 பிட் இடத்தில் அடைத்தால் முன்னுள்ள 1 உதிர்ந்து, 429 கோடிக்குப் பதில் வெறும் 1 மிஞ்சும்.