காப்பிக்கு வந்த ரயில்

குயிலாப்பாளையத்துக்கு ரயில் கிடையாது. பக்கத்து மரக்காணம் உப்பே பக்கிங்காம் கால்வாயில் படகேறித்தான் மதராஸ் போனது. சரக்குதான் தண்டவாளத்தை இழுத்துவரும் என்பது எனக்கு உறைத்தது இலங்கையில், கடுகண்ணாவ பழைய ரயில் நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில். 2014இல் திறந்தது, நீராவி எஞ்சின்களைத் தொட்டுப் பார்க்கலாம்.

மாட்டுவண்டியில் கொழும்புக்கு இறங்கிய காப்பிக்காகவே இந்த மலைப்பாதை. 1867இல் ரயில் கண்டியைத் தொட்டது. 1869இல் காப்பி இலையில் துருநோய்! நல்ல கூத்துதான். பிற்பாடு தேயிலை ஏறியது.

காப்பி பறிக்கப் போன நம்ம ஜனங்களோ மன்னாரில் கரையிறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல். எஞ்சின் நிழலில் உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன்: 47 வருஷம்.