நுங்கம்பாக்கத்தில் ஓர் இரட்டையர் இறுதியாட்டம்

சென்னைக்கு இரட்டையர் டென்னிஸ் புதிதன்று. லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் இணைந்து வென்ற முதல் ஏடிபி பட்டம் 1997இல் இந்நகரில்தான் கிடைத்தது. ஆடவர் போட்டி 2017உடன் நுங்கம்பாக்கத்தை விட்டுப் புணேக்குப் போய்விட்டது. மகளிருக்கான டபிள்யூடிஏ போட்டி அதே அரங்குக்கு வந்தது 2022 செப்டம்பரில்.

அந்த வாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஒற்றையர் பட்டம் வென்ற பதினேழு வயது செக் பெண் லிண்டா ஃப்ருவிர்தோவாவைப் பற்றியே பேசுகிறார்கள். தவறில்லை. மறுநாள் குலசேகரம் வந்து சேர்ந்த நாளிதழிலும் இரட்டையருக்குக் கிடைத்தவை சில வரிகளே. கனடாவின் கேப்ரியேலா டப்ராவ்ஸ்கியும் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியும் அன்னா பிளிங்கோவா, நடேலா ஜலமிட்ஜே இணையை 6-1, 6-2 என்று வென்றார்கள். எண்களை மட்டும் பார்த்தால் சுவையற்ற ஆட்டம். வலைக்கு இருபுறமும் நின்றவர்கள் யார் என்று பார்த்தால் கதை வேறு.

2021 செப்டம்பரில் இதே டப்ராவ்ஸ்கியும் ஸ்டெஃபானியும் யுஎஸ் ஓப்பன் அரையிறுதியில் ஆடிக்கொண்டிருந்தனர். முதல் செட்டின் டை பிரேக்கில் ஸ்டெஃபானியின் வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. சக்கர நாற்காலியில் அவரை வெளியே கொண்டு சென்றார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் லாரா பிகோசியுடன் டோக்கியோவில் வெண்கலம் வென்று, பிரேசிலுக்கு டென்னிஸில் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்திருந்தார். ஓராண்டு கழித்து அவர் களத்துக்குத் திரும்பிய முதல் போட்டி சென்னை. உடன் ஆடியவர், அன்று நியூயார்க்கில் அருகில் நின்ற அதே தோழி. இரட்டையர் ஆட்டத்தில் ஒருவரின் காயம் இருவரின் ஆட்டத்தையும் முடித்துவிடுகிறது. ஒற்றையர் ஆட்டத்துக்கு இல்லாத துயரம் இது.

எதிர்ப்புறத்தில் இருந்தது போரின் நிழல். உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து, 2022 விம்பிள்டன் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை அனுமதிக்கவில்லை. மாஸ்கோவில் பிறந்த ஜலமிட்ஜே ஜார்ஜியாவின் பெயரில் பதிவு செய்துகொண்டு அங்கே ஆடினார். பிளிங்கோவா அப்படி மாறவில்லை. அவர் பெயருக்கு அருகே எந்த நாட்டின் கொடியும் இல்லை. மாறியவரும் மாறாதவரும் ஒரே அணியாக நுங்கம்பாக்கத்தில் ஆடினார்கள். இருவரில் யார் செய்தது சரி என்று கேட்கும் உரிமை நமக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டெஃபானி 2023 ஜனவரியில் ரஃபேல் மாட்டோஸுடன் ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார். மகளிர் போட்டி மீண்டும் சென்னைக்கு வருவதற்கு 2025 அக்டோபர் ஆயிற்று.