ஏவற்பொருளில் வரும் இத்தாலிய எச்சவினை

இத்தாலிய மொழியில், இன்னார் என்று குறியாமல் பொதுமக்கள் அனைவர்க்கும் எழுத்தில் இடப்படும் அறிவுறுத்தல், பெரும்பாலும் ஏவல் வினையால் அன்றி, ‘இன்ஃபினிதோ’ என அந்நாட்டு இலக்கண ஆசிரியர் வழங்குவதும், எண்ணும் இடமும் காட்டாததுமாகிய எச்சவினையால் அமைகிறது. ஆரே, ஏரே, இரே என்பன இதன் பெருவழக்கான ஈறுகள். கதவில் ‘ஸ்பிஞ்ஜெரே’ என்றிருந்தால் தள்ளுதலையும், ‘திராரே’ என்றிருந்தால் இழுத்தலையும் குறிக்கும். நம் நாட்டுக் கதவுகளிலுள்ள ‘தள்ளவும்’, ‘இழுக்கவும்’ என்னும் பிரயோகங்களை இவற்றோடு ஒப்பிடலாம்.

எழுத்தில் இடும் அறிவுறுத்தலின் பூர்வ சரித்திரத்தை ஆராய்வதற்குச் சமையல் நூல்களைப் போன்ற சாதனம் வேறில்லை. கி.மு. 160 அளவில் ரோமானியராகிய கேட்டோ உழவைப் பற்றி இயற்றிய லத்தீன் நூலில், பாலாடைக்கட்டி சேர்த்த அப்பத்தின் பக்குவம் கூறுமிடத்து, ‘ஃபாகிதோ’, அதாவது ‘செய்வாயாக’, என எதிர்கால ஏவலே ஆளப்பட்டது. 15-ஆம் நூற்றாண்டில் மார்த்தினோ என்னும் புகழ்பெற்ற சமையற்கலைஞர் ‘பீல்யா’, ‘எடு’, என ஒருமையில் நேர்நின்று பேச, 1570-இல் வெளிவந்த, ஸ்காப்பி என்னும் சமையற்கலைஞரின் பெருநூலோ ‘எடுக்கப்படுக’ என்னும் பொருள்பட, ஆளை மறைத்து வியங்கோள் நடையில் விதிக்கிறது. 1891-இல் ஃபுளாரன்ஸ் நகரில் பெல்லெக்ரீனோ அர்தூஸி தம் சொந்தச் செலவில் அச்சிட்ட சமையல் நூல், ‘ப்ரெந்தேதே’, ‘எடுங்கள்’, என்று வாசகரைப் பன்மையில் உபசரிக்கிறது. இப்பரம்பரையில் எச்சவினை தனித்து நின்று ஆணையிடுவது வழக்கன்று.

விலக்கு வாக்கியத்தின் நிலை வேறு. ‘நோன் பார்லாரே’, ‘பேசாதே’, என ஒருமை எதிர்மறை ஏவலாகவே எச்சவினை பேச்சுமொழியிலும் பண்டுதொட்டு நிலைபெற்றுள்ளது. லத்தீனில் ‘விரும்பாதே’ எனப் பொருள்படும் ‘நோலி’ என்னும் சொல் எச்சத்தின் முன்வந்து விலக்குப்பொருள் தந்த மரபின் வழிவந்தது இது என்று கருதுவதுண்டு. பிற விளக்கங்களும் உள்ளன.

உடன்பாட்டு வாக்கியத்தில் எச்சவினை வேரூன்றியதற்கு, படிப்பவரை எச்சொல்லால் சுட்டுவது என்னும் விளிப்புச் சிக்கல் ஒரு காரணம் எனலாம். ‘நீ’ எனப் பொருள்படும் ‘தூ’ என்றால் உரிமை மிகும். ‘தாங்கள்’ போன்ற ‘லேயி’ என்றால் மரியாதை மிகும். ‘நீங்கள்’ எனப் பொருள்படும் ‘வோயி’ என்னும் பன்மையோ, 1938-இல் பாசிச ஆட்சி ‘லேயி’யை விலக்கி அதனைத் திணித்தமையால், பிற்காலத்தார்க்குக் கசந்தது. படிப்பவர் யாரென அறியாத பலகைக்கு எச்சவினை இத்தொல்லையை அடியோடு நீக்கிவிடுகிறது. விலக்கு அறிவிப்பிலோ, ஐரோப்பிய ரயில் ஜன்னல்களின்கீழ் பிரெஞ்சும் ஜெர்மனும் எச்சவினையாலேயே ‘வெளியே சாயற்க’ என விலக்க, இத்தாலியம் மட்டும் ‘ஏ பெரிகொலோஸோ ஸ்போர்ஜெர்ஸி’, ‘வெளியே சாய்வது அபாயகரம்’, என்று செய்தி கூறி அமைந்தது ஒரு விசித்திரம். அங்கு எச்சம் எழுவாயே அன்றி ஆணையன்று.

இக்காலத்தில் மருந்துத் தாள், இயந்திரக் கையேடு, படிவம், சமையற்குறிப்பு ஆகியவற்றில் எச்சவினை பெருவழக்காக உள்ளது. பள்ளிப் பாடநூல்களில் ‘தூ’ ஏவலும் வழங்குகிறது.