ஒளிக்கு ஒரு மடை

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளரைப் பற்றி அந்நாளில்தான் அறிந்தேன். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தைக் காண அவர் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்திருந்தார். நிறமாலைக் கருவியின் மெல்லிய பிளவைச் சூரிய விளிம்பில் வைத்தார். அங்கே எழும் செந்தழல்கள் வாயு என்று தெரிந்தது. மறுநாள் கிரகணம் இல்லாமலே அவற்றைக் கண்டார். கூசும் ஒளியைப் பிளவால் குறைத்து, நிறங்களாக விரித்து மங்கவைத்ததுதான் சூட்சுமம்.

1909-இல் கொடைக்கானலில் எவர்ஷெட் இதே முறையில், சூரியப் புள்ளியில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டறிந்தார்.

ஆனால் கேலக்ஸி எனப்படும் விண்மீன் மண்டலங்கள் மிக மங்கலானவை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுள் போதாது. அதனால் பிரெஞ்சுக்காரர் தலைமையில் உருவாகி, 2002-இல் சிலி நாட்டுத் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட விமோஸ் கருவிக்கு, நூற்றுக்கணக்கான பிளவுகள் கொண்ட தகடுகள் செய்தார்கள். முதலில் வானத்தைப் படமெடுத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் அளந்து, மெல்லிய உலோகத் தகட்டில் லேசரால் வெட்டுவார்கள். நம் வயலுக்கு வாய்மடை மாதிரி, ஒரு மண்டலத்துக்கு ஒரு பிளவு. வரும் ஒளியின் சிவப்புப் பெயர்ச்சியிலிருந்து தூரம் கணிப்பார்கள்.

இடம் துளி பிசகினாலும் பிளவுக்குள் வெற்று இருட்டுதான்.

குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு புல எண்ணைத் தவறாக எழுதி, ஒரு விவசாயியை மூன்று மாதம் அலையவிட்டவன் நான். அந்தத் தகட்டை அளப்பவரின் கவலை எனக்குப் புரிகிறது.