முள்வேலிக்குள் பிறந்த நம்பிக்கை: போர்க்கைதி யூர்கன் மோல்ட்மன்

யூர்கன் மோல்ட்மன் எழுதிய 'நம்பிக்கையின் இறையியல்' என்னும் நூல் 1964ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. இறையியல் மாணவர் பலர் அதனைப் பல்கலைக்கழக வகுப்பறையில் உருவான கோட்பாடு என்றே கருதுகின்றனர். ஆயின் அதன் வேர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடித்த போர்க்கைதி வாழ்வில் ஊன்றியுள்ளன. நம்பிக்கையைப் பற்றி எழுதியவர் வெற்றி பெற்றவர் அல்லர். அநீதியாய்த் துன்புறுத்தப்பட்டவரும் அல்லர். பெருங்குற்றம் புரிந்த ஓர் அரசின் படையில் நின்று, தோற்று, நாணித் தலைகுனிந்த ஓர் இளைஞர் அவர். அத்தகையவருக்கு நம்பிக்கை எவ்வழியாய் வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

போர்க்களமும் முதல் வினாவும்

மோல்ட்மன் 1926 ஏப்ரல் 8ஆம் நாள் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் திருச்சபையோடு நெருங்கிய தொடர்புடையதன்று. ஐன்ஸ்டைன், மாக்ஸ் பிளாங்க் ஆகியோரைப் போற்றி, கணிதமும் இயற்பியலும் பயில விரும்பிய மாணவர் அவர். 1943ஆம் ஆண்டு, அவரும் அவருடைய வகுப்புத் தோழரும் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் உதவியாளராகச் சேர்க்கப்பட்டனர். அப்பொழுது அவருக்கு வயது பதினேழுகூட நிரம்பவில்லை.

அவ்வாண்டு ஜூலைத் திங்களின் இறுதியில் நேச நாட்டு விமானங்கள் ஹாம்பர்க் நகரை இரவும் பகலும் தாக்கின. ஜூலை 27, 28 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் எழுந்த நெருப்புப் புயல் நகரின் கிழக்குப் பகுதிகளைச் சாம்பலாக்கியது. அத்தாக்குதல்களில் மடிந்தோர் ஏறத்தாழ 35,000 முதல் 40,000 வரை எனக் கணக்கிடப்படுகின்றனர். மோல்ட்மனின் அருகில் நின்ற பள்ளித் தோழன் குண்டினால் சிதறி மாண்டான். மோல்ட்மன் உயிர் பிழைத்தார். அவ்விரவில்தான் தாம் முதன்முதலாகக் கடவுளை நோக்கிக் கூப்பிட்டதாகப் பிற்காலத்தில் அவர் பலமுறை கூறியுள்ளார். 'கடவுள் ஏன் இதனை அனுமதித்தார்?' என்று அவர் வினவவில்லை. கடவுள் எங்கே இருக்கிறார் என்பதும், மாண்டவர் நடுவே தாம் மட்டும் ஏன் பிழைத்திருக்கிறார் என்பதுமே அவருடைய வினாக்கள். அவற்றிற்கு அப்பொழுது விடை கிடைக்கவில்லை.

சிறைப்படுதல்

1944ஆம் ஆண்டு அவர் தரைப்படையில் சேர்க்கப்பட்டு, நெதர்லாந்து எல்லைப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார். 1945 பிப்ரவரியில், கிளேவே நகரை அடுத்த காட்டில், தாம் எதிர்ப்பட்ட பிரிட்டிஷ் வீரரிடம் சரணடைந்தார். பெல்ஜியத்தில் ஒரு முகாமிலும், பின்னர் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் முகாமிலும் அவர் அடைக்கப்பட்டார்.

கைதிகளுள் சிலர் உள்ளம் உடைந்து, நோயுற்று, நம்பிக்கையின்மையாலேயே மாண்டதை அவர் கண்டார். தமக்கும் அந்நிலை நேரக்கூடும் என்று உணர்ந்தார். நம்பிக்கை இல்லாத இடத்தில் உடலும் வாழாது என்னும் உண்மையை அவர் நூலினின்று கற்கவில்லை. முகாமின் படுக்கைகளில் கண்டார்.

அதனினும் கொடிய சோதனை 1945ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்தது. பெர்கன்-பெல்சன் முதலிய வதைமுகாம்களின் புகைப்படங்கள் கைதிகளின் குடில்களில் ஒட்டப்பட்டன. இவை எதிரியின் பொய்ப் பிரச்சாரம் என்றே கைதிகள் பலர் முதலில் எண்ணினர். உண்மை மெல்ல மெல்ல உறைத்தது. இக்கொலைகளுக்காகவா நாம் போரிட்டோம் என்னும் கேள்வி எழுந்தது. தாயகம் திரும்பும் ஆசையும் பலருக்கு அற்றுப் போயிற்று. சிறைக் கம்பிகளினும் வலியதாய் வெட்கம் அவர்களைச் சூழ்ந்தது.

வேண்டாத பரிசு

இந்நாட்களில் படைக்குரு ஒருவர் கைதிகளுக்கு வேதாகமங்களை வழங்கினார். சிகரெட் கிடைத்திருந்தால் நலமாயிருக்கும் என்பதே கைதிகள் பலரின் எண்ணம். கேதேயின் கவிதைகளையும் நீட்சேயின் எழுத்துகளையும் படித்து வளர்ந்த மோல்ட்மனும் அதனை ஆவலோடு பெற்றவர் அல்லர். எனினும் இரவுகளில் அதனைத் திறந்தார். புலம்பல் சங்கீதங்கள், சிறப்பாக 39ஆம் சங்கீதம், தம் உள்ளத்தின் மொழியைப் பேசுவதாக உணர்ந்தார். பின்னர் மாற்கு நற்செய்தியைப் படித்து, பதினைந்தாம் அதிகாரத்தில் இயேசு சிலுவையில் கைவிடப்பட்டவராய் எழுப்பிய கூக்குரலை அடைந்தார். தம்மை அறிந்துகொள்ளும் ஒருவர் இங்கே இருக்கிறார் என்னும் உறுதி அவருக்குள் பிறந்தது. ஹாம்பர்க்கில் எழுந்த வினாவிற்கு அவர் கண்ட முதல் விடை இதுவே: கடவுள் கைவிடப்பட்டவரோடு இருக்கிறார். கிறிஸ்துவைத் தாம் தேடிக் கண்டடையவில்லை, அவரே தம்மைக் கண்டடைந்தார் என்று மோல்ட்மன் சாட்சி பகர்வதுண்டு.

வேதாகமம் தனித்து நின்று இப்பணியைச் செய்யவில்லை என்பதையும் கருதவேண்டும். கில்மார்னக் பகுதியில் கைதிகள் வேலைக்கு அனுப்பப்பட்டபோது, அங்கிருந்த தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் அவர்களை வெறுக்கவில்லை, குற்றஞ்சாட்டவுமில்லை, மனிதராக மதித்து விருந்தோம்பினர். பகைவரின் இப்பரிவு அவர்களை நாணச் செய்தது. நாணத்தோடு உயிர்ப்பிக்கவும் செய்தது.

முகாமில் ஓர் இறையியல் பள்ளி

1946ஆம் ஆண்டு மோல்ட்மன் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் இருந்த நார்ட்டன் முகாமுக்கு மாற்றப்பட்டார். ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் பொறுப்பில் இயங்கிய அம்முகாமில் கைதிகள் ஆசிரியர் பயிற்சியும் இறையியலும் பயின்றனர். கற்பித்தோருள் பலர் தாமும் கைதிகள். வெளிநாட்டு அறிஞரும் வந்து விரிவுரையாற்றினர். சுவீடனின் ஆண்டர்ஸ் நீக்ரென் அவர்களுள் ஒருவர். 1947இல் உலக லுத்தரன் சம்மேளனம் அமைந்தபோது அதன் முதல் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் அவரே. மோல்ட்மன் அங்கே எபிரெயம் கற்றார். அவர் படித்த முதல் இறையியல் நூல் ரெய்ன்ஹோல்ட் நீபர் மனிதனின் இயல்பையும் முடிவையும் பற்றி எழுதியதாகும். அதனைச் சரிவர விளங்கிக்கொள்ளாவிடினும் அது தம்மை ஆழமாய்த் தொட்டதாகப் பின்னர் நினைவுகூர்ந்தார். கணிதம் பயில விரும்பிய மாணவர், முள்வேலிக்குள் திருப்பணியைத் தெரிந்துகொண்டார்.

சுவானிக்கில் ஒரு பாலம்

1947 ஜூலையில் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் டர்பிஷயரின் சுவானிக் என்னும் இடத்தில் பன்னாட்டு மாநாடொன்றைக் கூட்டியது. நார்ட்டன் முகாமின் இறையியல் மாணவர் சிலரும் அழைக்கப்பட்டனர். மாநாடு நடந்த அதே இல்லம் போர்க்காலத்தில் ஜெர்மன் கைதிகளின் முகாமாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அவர்கள் தம் பழைய படை உடையிலேயே, அச்சத்தோடும் நடுக்கத்தோடும் சென்றனர்.

அங்கே நெதர்லாந்து மாணவர் குழு ஒன்று அவர்களோடு பேச விரும்பியது. நெதர்லாந்து மண்ணில் போரிட்டிருந்த மோல்ட்மன் கலங்கினார். அம்மாணவர் தம் நாட்டில் நடந்தவற்றை மறைக்காமல் கூறினர்: இரகசியக் காவல்துறையின் கொடுமை, தாம் இழந்த யூத நண்பர், அழிந்த வீடுகள். பின்னர், கிறிஸ்து அமைத்த பாலத்தின்மீதே தாங்கள் வந்திருப்பதாகவும், அவர் இன்றி ஜெர்மானியரோடு ஒரு வார்த்தையும் பேச இயலாது எனவும் சொன்னார்கள். ஜெர்மன் மாணவர் தம் மக்களின் குற்றத்தை அறிக்கையிட்டு ஒப்புரவு வேண்டினர். இறுதியில் யாவரும் தழுவிக்கொண்டனர். அதுவே தம் விடுதலையின் நாழிகை என்று மோல்ட்மன் எழுதுகிறார்; அவர் கைதியாகவே முகாமுக்குத் திரும்பிச் செல்லவேண்டியிருந்தும் அவ்வாறு எழுதுகிறார்.

இங்கே மூன்று செய்திகளை ஊன்றி நோக்கவேண்டும். முதலாவது, பாலம் குற்றம் புரிந்தோர் தரப்பிலிருந்து கட்டப்படவில்லை. காயமுற்றோர் தரப்பிலிருந்தே வந்தது. இரண்டாவது, காயமுற்றோர் தம் காயத்தை மூடி மறைத்துச் சமாதானம் பேசவில்லை. உண்மை முன்னே நின்றது, ஒப்புரவு பின்னே வந்தது. மூன்றாவது, குற்றம் புரிந்தோர் செய்யக்கூடியதாய் இருந்தது அறிக்கையிட்டு அப்பாலத்தில் நடப்பது ஒன்றே. 1945 அக்டோபரில் ஜெர்மன் சுவிசேஷத் திருச்சபையின் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் வெளியிட்ட குற்ற அறிக்கை, யூதருக்கு இழைத்த கொடுமையைப் பெயர் சுட்டிக் கூறவில்லை எனப் பிற்காலத்தில் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. சுவானிக்கில் அத்தகைய மழுப்பலுக்கு இடமில்லாது போயிற்று. பாதிக்கப்பட்டோர் நேரில் அமர்ந்திருந்தனர்.

பிற்கால வாழ்வு

1948 ஏப்ரலில் மோல்ட்மன் தாயகம் திரும்பி, கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். 1952இல் எலிசபெத் வெண்டலை மணந்தார். அவ்வம்மையாரும் பெண்ணிய இறையியலில் புகழ்பெற்றவர். 1953 முதல் 1958 வரை பிரேமன் நகரை அடுத்த வாசர்ஹோர்ஸ்ட் சபையில் ஆயராகப் பணிபுரிந்தார். பின்னர் வுப்பர்டால், பான் ஆகிய இடங்களிலும், 1967 முதல் 1994 வரை டூபிங்கனிலும் பேராசிரியராய் விளங்கினார். 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்னும் நூல் 1972இல் வெளிவந்தது. முகாமில் மாற்கு நற்செய்தியில் கேட்ட கூக்குரலே அந்நூலின் மையமாகும். 2024 ஜூன் 3ஆம் நாள், தமது 98ஆம் வயதில், டூபிங்கனில் காலமானார்.

அவருடைய முதுமையில் நிகழ்ந்த ஒன்று கைதி வாழ்வின் கனியாகத் தோன்றுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கணவனைக் கொலை செய்வித்த குற்றத்திற்காக மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த கெல்லி கிசெண்டேனர் சிறையில் இறையியல் பயின்று, மோல்ட்மனுக்குக் கடிதம் எழுதினார். மோல்ட்மன் விடை எழுதினார். 2011இல் எண்பத்தைந்து வயதில் கடல் கடந்து சென்று, சிறையில் நடந்த சான்றிதழ் வழங்கும் விழாவில் உரையாற்றினார். திருச்சபைத் தலைவர் பலர் வேண்டியும் 2015 செப்டம்பர் 30ஆம் நாள் அப்பெண்ணின் தண்டனை நிறைவேற்றப்பட்டது. குற்றமற்றவரை மட்டும் தேடிச் செல்லும் நம்பிக்கையை மோல்ட்மன் அறியார்.

திருப்பணியாளர் கருதவேண்டுவன

மோல்ட்மனின் கைதி வாழ்வை வதைமுகாம்களில் மடிந்தோரின் பாடுகளோடு ஒப்பிடுவது தகாது. அவருடைய துன்பம் குற்றத்தோடு கலந்தது. அதனாலேயே அது திருச்சபைக்குப் பயன்படுகிறது. நம்முள் பெரும்பாலோர் முற்றும் குற்றமற்றவராய்த் துன்புறுவதில்லை. பிரிந்து நிற்கும் சபையாரை ஒப்புரவாக்க முயலும் ஆயர், காயமுற்றோரை விரைந்து மன்னிக்கும்படி நெருக்குதல் தவறு என்பதைச் சுவானிக் கற்பிக்கிறது. அவர்களுடைய சொல் முதலில் கேட்கப்படவேண்டும். குற்றம் புரிந்தோர் தம் வெட்கத்தைத் தாமே நீக்கிக்கொள்ள இயலாது. உண்மையைச் சொல்ல இடம் தரும் மனிதர் அவர்களுக்கு வேண்டும்.

சிறைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்லும் போதகர் பலர் தம் உழைப்பு வீணாயிற்றோ என்று சோர்வதுண்டு. கில்மார்னக்கில் வேதாகமம் வழங்கிய படைக்குரு, கேட்க விருப்பமில்லாத ஒரு கூட்டத்தின் முன் நின்றார். அன்று அவர் கண்டது களைத்த முகங்களை மட்டுமே.