ஆப்பில் தட்டினால் காருக்குக் கட்டளை போவது எப்படி? சோதனையில் எதைப் பார்க்க வேண்டும்?

வெயிலில் நிற்கும் காரில் ஏறுவதற்கு முன்பே, செல்போன் ஆப் மூலம் ஏசியை ஆன் செய்யும் வசதி பல கார்களில் வந்துவிட்டது. கதவைப் பூட்டலாம், ஹாரன் அடிக்க வைக்கலாம், வண்டி எங்கே நிற்கிறது என்றும் பார்க்கலாம். இந்த ஆப்களைச் சரியாகச் சோதிக்காமல் விட்டால், அதே வேலைகளை வேறு யாரோ செய்துவிட முடியும்.

கட்டளை எந்த வழியில் போகிறது?

பெரும்பாலும் போனில் இருந்து நேராக காருக்குப் போவதில்லை. முதலில் கார் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அங்கிருந்து மொபைல் நெட்வொர்க் வழியாக, காருக்குள் சிம் பொருத்திய கருவிக்கு வரும். அந்தக் கருவிதான் ஏசிக்கோ கதவு லாக்குக்கோ உத்தரவு போடுகிறது.

பட்டனைத் தட்டினால் ஏசி ஓடுகிறதா என்று பார்ப்பது சோதனையின் சுலபமான பகுதி. சிக்கலானது வேறு. அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் சிக்னல் இல்லாத காருக்கு 'கதவைத் திற' என்று அனுப்பினால்? அரை மணி நேரம் கழித்து வண்டி வெளியே வரும்போது அந்தக் கட்டளை போய்ச் சேர்ந்து, நடுரோட்டில் லாக் திறந்துகொள்ளக் கூடாது. தாமதமான கட்டளை தானாகவே காலாவதியாக வேண்டும்.

'நீ யாரு'ன்னு கேட்காத சர்வர்

அனுப்புவது உண்மையிலேயே ஓனர்தானா? இந்தக் கேள்வியில்தான் நிஸ்ஸான் சறுக்கியது. அதன் லீஃப் மின்சார காரின் ஆப்பில் ஓட்டை இருப்பதை, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ட்ராய் ஹன்ட் 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். காரின் 17 இலக்க அடையாள எண் (நம்மூரில் சேசிஸ் நம்பர்) இருந்தால் போதும், சர்வர் வேறு எதையும் கேட்கவில்லை. அந்த எண்ணோ விண்ட்ஷீல்டு ஓரத்தில் யார் கண்ணுக்கும் தெரியும்! ஆஸ்திரேலியாவில் இருந்தபடியே, இங்கிலாந்தில் நின்ற நண்பரின் காரில் ஏசியை ஆன் செய்து காட்டினார் ஹன்ட். கார் எப்போது, எவ்வளவு தூரம் ஓடியது என்ற விவரமும் கிடைத்தது. கதவைத் திறக்கவோ வண்டியை ஓட்டவோ முடியாது என்பது மட்டும் ஆறுதல். ஒரு மாதம் முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லியும், விஷயம் வெளியே வந்த பிறகுதான் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது.

8 வருடங்கள் கழித்தும் கதை மாறவில்லை. 2024-ல் அமெரிக்காவில் சாம் கரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் கியா கார்களில் இன்னும் பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். நம்பர் பிளேட்டை மட்டும் வைத்து, சுமார் 30 விநாடியில் கதவைத் திறக்கவும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும் முடிந்தது. இதில் ஆப்பை உடைக்கவே தேவைப்படவில்லை. டீலர்களுக்கான இணையதளம் வழியாகவே நுழைந்துவிட்டார்கள். கியா சரிசெய்த பிறகே விவரத்தை வெளியிட்டார்கள்.

பழைய கார் வாங்குறீங்களா?

வாங்கிய காரில், விற்றவரின் ஆப் இணைப்பு அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் வண்டி எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தொடர்ந்து தெரியும். ஆர்சி பெயர் மாற்றினால் இந்த இணைப்பு தானாகப் போய்விடாது. விற்றவரின் கணக்கில் இருந்து காரை நீக்கச் சொல்லி, கார் ஸ்கிரீனில் ஃபேக்டரி ரீசெட் செய்து, சர்வீஸ் சென்டரிலும் ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது.